முதல் கரண்டிக் கூழ்

"வரிசையில நின்னு கூழ் வாங்குனவன் எங்க வம்சத்துலயே கெடயாது. நாங்க ஊத்துவோம், ஊரு குடிக்கும்!"

செம்பாக்கம் ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலில் ஜெயவேலு இப்படி முழங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. வயலெல்லாம் பிளாட்டாகிவிட்டதால் அவருக்கு மிஞ்சிய ஒரே விளைச்சல் வீட்டு வாடகை. ஆனாலும் ஆடித் திருவிழாவில் முதல் கரண்டிக் கூழ் ஊற்றுவது அவர்தான், முப்பது வருஷமாக. அந்த உரிமைக்காக இரண்டு மூக்குகளை உடைத்திருக்கிறார். ஒன்று சொந்த மச்சானுடையது.

இந்த வருஷம் பார்த்து அரசாங்கம் அந்தத் திருவிழாவைப் பண்பாட்டு மரபு என்று அங்கீகரித்துத் தொலைத்தது. சான்றிதழோடு வரும் அதிகாரி கஸ்தூரிரங்கன் யார் கையால் முதல் கூழைக் குடிக்கிறாரோ, அவர் படம் அரசு மலரில் வருமாம். பங்காளி தயாளன் திருவிழாவன்று விடிந்ததுமே புதுக் கரண்டியோடு வந்து நின்றான்.

"அண்ணா, முப்பது வருசம் ஊத்திகினே கீற. கை வலிக்கும். வுடு, நான் பாத்துக்கறேன்."

"வலிக்குதா இல்லியான்னு உன் செவுளு சொல்லும்டா."

சொன்னது. ஜெயவேலுவின் கரண்டி தாடையில் இறங்க, தயாளனின் கடைவாய்ப் பல் ஒன்று அண்டாவில் விழுந்து மரியாதையாக மூழ்கியது. தயாளன் கூழ் கிண்டும் துடுப்பை ஓங்கி ஒரே போடு போட்டான். ஜெயவேலுவின் மண்டை பிளந்து, புருவம் வழியே ரத்தம் வடிந்தது. உடனே இரு வீட்டு ஆண்களும் பண்பாட்டைக் காக்கப் பாய்ந்தார்கள். அடுப்புச் செங்கற்கள் பறந்தன. அண்டா கவிழ்ந்து, கொதிக்கும் கூழ் ஒருவன் தொடையைத் தோலுரித்தது. அங்கீகாரம் தந்த அரசுக்கு நன்றி சொன்ன பேனரைச் சாய்த்து, அதன் சவுக்குக் கட்டைகளாலேயே விலா எலும்புகளை எண்ணினார்கள். கட்டை ஒன்று ஜெயவேலுவின் வலது முழங்கையில் விழுந்து 'மளுக்' என்றது. கரண்டி நழுவியது. குனிந்து எடுத்த தயாளனின் விரல்களை அவர் குதிகாலால் அரைத்தார்.

இந்தக் கலைநிகழ்ச்சியின் நடுவில்தான் அதிகாரியின் கார் வந்தது. இறங்கியவர் காதோரம் ஒரு செங்கல் போனதும், சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்துப் பின்னால் ஓடினார். அங்கே, கோவளத்திலிருந்து வருஷாவருஷம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் அங்காளம்மா, இரண்டாவது அண்டாவைத் திறந்து பசித்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குந்து சார். அவங்க முடிக்க நேரமாவும். ஒரு சொம்பு குடிக்கிறியா?"

அதிகாரி வாங்கிக் குடித்தார். கருவாட்டை மட்டும் கும்பிட்டு மறுத்தார். டிரைவர் படம் எடுத்தார். அரசுக் காரியம் முடிந்தது.

மத்தியானம் ஜெயவேலு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். தலையில் ஒன்பது தையல், கையில் மாவுக்கட்டு. முதல் கரண்டி ஊற்றாமல் வாயில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று முந்தின நாளிலிருந்து விரதம்; கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேப்பமரத்தடியில் பதினோரு பேர் நின்றார்கள். கடைசி ஆள், தாடை வீங்கிய தயாளன். ஜெயவேலு அவனுக்குப் பின்னால் போய் நின்றார்.

அவர் முறை வந்தது.

"இன்னாண்ணா, வெங்காயம் வெக்கட்டா?" என்றாள் அங்காளம்மா.

ஜெயவேலு இடது கையால் சொம்பை நீட்டினார்.