உப்பைத் தேடிய கிறிஸ்துமஸ்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கிறிஸ்துமஸ் அன்று, திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்தது இது. வீடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் மாடிப் போர்ஷன், வாடகை. அடுக்களையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆனால் கிழக்கே ஒரு சன்னல் உண்டு. டிசம்பர் மாசத்து வெயில் அது வழியாக வந்து பாத்திரங்கள் மேல் உட்காரும்போது எனக்கு வேறு எங்கும் போகத் தோன்றாது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் போனைக் கையில் தந்து, பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்றான். நான் பேசுகிறேன், அவன் பிழை திருத்துகிறான். நடுநடுவே சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

மகனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. நாங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து, பிழைக்க இங்கே வந்த தமிழ்க் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவன் விரும்பிக் கட்டியது வித்துரா பக்கத்து மலையாளப் பெண்ணை. அவர்கள் வீட்டில் சாயங்காலம் சாமிக்கு விளக்கு வைப்பார்கள். கல்யாணத்தோடு அவள் அம்மா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா மட்டும் எப்போதாவது போன் பண்ணுவார். பேசி முடித்ததும் மருமகள் மெதுவாகக் கேட்பாள், "அம்ம அடுத்து உண்டோ?" பக்கத்தில்தான் இருக்கிறாள் என்பார். அதற்குப் பிறகும் இவள் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பாள். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்குமாம். அம்மா கரண்டியை வைக்கிற சத்தம் தனக்குத் தெரியும் என்பாள். எனக்குப் பெண்பிள்ளை கிடையாது. அவள் அப்படி நிற்கும்போது நான் அடுக்களையில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வேன்.

அந்த டிசம்பரில் அவள் அப்பா, பேத்தியைப் பார்க்க இரண்டு பேரும் கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் என்றதும் மருமகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி, அம்ம வந்தா முதல்ல அடுக்களையதான் நோக்கும்" என்றாள்.

"நோக்கட்டும் மக்களே. நம்ம அடுக்களைக்கு என்ன கொறச்சல்?"

அவள் என் டப்பாக்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. பால்பொடி டின்னில் மல்லிப்பொடி இருந்தது. குதிரைப் படம் போட்ட பிஸ்கட் டப்பாவில் மிளகாய்ப்பொடி. சீனி டின் ஒருமுறை மாடிப்படியில் உருண்டு ஒரு பக்கம் நசுங்கியது. உப்பு மட்டும் என் மாமியார் தந்த மரவையில், பலாமரத்தில் குடைந்த கிண்ணத்தில். அது விளிம்பு தேய்ந்து, பார்க்க நாய்க்குச் சோறு வைக்கிற சட்டி மாதிரி இருக்கும். ஆனால் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகப் போகும்.

நான் சர்ச்சில் நட்சத்திரம் கட்டுகிற வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். போனில் யாரோ அடுக்களை அடுக்கிக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரே மாதிரி கண்ணாடி ஜாடிகள் வரவழைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மர மூடி. வயிற்றில் வெள்ளைச் சீட்டு, அதில் கறுப்பு இங்கிலீஷ் எழுத்து. வெயில் பட்டு மஞ்சளும் மிளகாயும் பயறும் கலர் கலராக ஒளிர்ந்தன. நான் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டேன்.

"எப்படி மாமி?"

"ரொம்ப அழகு மக்களே. கை வைக்கவே பயமா இருக்கு."

பொய் சொல்லவில்லை. இரண்டும் நிஜம். எனக்கு எழுத்து தெரியாது என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் ஞாபகம் இருக்காது. தம்பானூரில் பஸ் ஏறுவேன், மார்க்கெட்டில் பேரம் பேசுவேன், ஞானப்பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாட்டும் மனப்பாடமாகப் பாடுவேன். எழுத்து தெரியாதவளின் அடையாளம் என்னிடம் எங்கே இருக்கிறது? அவள் முகத்தில் அன்றைக்கு அவ்வளவு வெளிச்சம். அதைப் போய் அணைக்க எனக்கு மனசு வரவில்லை. மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் எழுத்து எதற்கு, நிறம் போதும். வெள்ளைப் பொடிகளை மோந்தும் நாக்கில் வைத்தும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அங்கேதான் விதி விளையாடியது. கேரல் பாட்டுக்கு லாரியில் போனவர்களோடு நானும் முன்சீட்டில் ஏறி, சங்குமுகம் வரை பனியில் போய்விட்டு வந்தேன். எனக்குப் பாட்டு என்றால் பைத்தியம். மறுநாளே தடுமன் பிடித்தது. மூக்கு அடைத்து, காதும் அடைத்து, எல்லாச் சத்தமும் கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்து அடுப்பு பற்றவைத்தேன். அப்பமும் கோழி ஸ்டூவும். தேங்காய்ப்பாலின் ஆவி எழுந்து சன்னல் வெயிலில் வெள்ளையாகச் சுற்றியது. எனக்கு வாசனையும் இல்லை, சத்தமும் பாதிதான். கனவில் சமைக்கிற மாதிரிதான். மூடிகளும் ஜாடிகளும் மேகத்துக்குள் நிற்கிற மாதிரி. சந்தில் யாரோ பட்டாசு போட்டார்கள், அது கூடப் பஞ்சுக்குள் வெடித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது எனக்குச் சுகமாகவே இருந்தது.

அந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். சம்பந்தியம்மாள் மெலிந்த உடம்பு, உடுத்தியிருந்தது கரைபோட்ட வெள்ளைச் செட்டுமுண்டு, கையில் ஒரு துணிப்பை. மருமகள் ஓடிப்போய் முன்னால் நின்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. குனிந்து பேத்தியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மே, குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?"

அம்மா பேத்தியின் கன்னத்தைத் தடவிச் சொன்னாள், "மோளுக்கு தாகம் உண்டோ? அம்மம்மைக்கு இல்ல."

பதில் வந்தது, ஆனால் அது பிள்ளைக்கு. மருமகள் தலையை ஆட்டிவிட்டு மேசைக்குத் தட்டு எடுக்கப் போனாள். சம்பந்தி ஐயாவும் என் மகனும் மழையைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசிப் பேசி அந்த இடத்தை நிரப்பப் பார்த்தார்கள்.

நான் அடுப்புக்குத் திரும்பினேன். ஸ்டூவுக்கு உப்பு போட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில், முன்பு மரவை இருந்த இடத்தில், ஒரு வெள்ளைப்பொடி ஜாடி இருந்தது. உப்பின் இடத்தில் உப்புதானே இருக்கும் என்று கை நிறைய அள்ளிப் போட்டேன். ருசி பார்த்தேன். தடுமன் பிடித்த நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டேன்.

அப்போது சம்பந்தியம்மாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பிள்ளை கேக்கைப் பிசைந்து கையெல்லாம் ஒட்டலாக்கியிருந்தது. கழுவிவிட்டு, எட்டிப் பார்த்து, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சேச்சி, இது பாயசமோ?"

"ஸ்டூ."

"கோழிய இட்டு பாயசம் வெச்சது நான் இப்பதான் காணுறேன்."

நான் போட்டது பொடித்த சீனி. எழுத்து தெரியாததையும் மூக்கடைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். "உங்க மகளக் கூப்பிடாதீங்க. பாவம், உங்களுக்காகத்தான் இவ்வளவும் அடுக்கினா. ஸ்டூ கெட்டுப்போச்சுன்னா உடைஞ்சிருவா" என்றேன்.

அவள் பேத்தியைத் தரையில் விட்டுவிட்டு முண்டைச் சொருகினாள். "சாரமில்ல சேச்சி. உப்பு எது, நாம தேடலாம்."

பரவாயில்லை என்கிறாள். ஆனால் அவளுக்கும் எழுத்து தெரியவில்லை. கிளம்பின அவசரத்தில் கண்ணாடியை வித்துரா வீட்டு டிவி மேல் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆக, வெள்ளை ஜாடிகளையெல்லாம் தரையில் இறக்கினோம். நான் திறக்க வேண்டியது, அவள் விரலைத் தொட்டு நக்க வேண்டியது. அரிசிமாவு. சோளமாவு. மைதா. ஒன்றை நக்கி முகத்தை அப்படிக் கோணினாள். அது கேக் சோடா. எனக்குச் சிரிப்பு வந்து தும்மல் வந்து, மைதா பறந்து, வெயிலில் பொன்னாக மிதந்து அவள் தலைமுடியில் இறங்கியது. பேத்தி அதைப் பிடிக்கக் கை நீட்டியது. சம்பந்தியம்மாளும் சிரித்தாள். ரொம்ப காலமாகத் தெரிந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். அடுப்பில் ஸ்டூ கொதிக்க, இரண்டு கிழவிகள் தரையில் உட்கார்ந்து மாவு நக்கிக்கொண்டிருக்கிறோம்.

எல்லா ஜாடியும் தீர்ந்தது. உப்பு மட்டும் இல்லை.

அவள் எழுந்தாள். அடுக்களை வாசலில் நின்று, இடுப்பில் கையை வைத்து, வீடே கேட்கக் கத்தினாள்.

"எடீ, நீ உப்பு எவிடெடீ வெச்சே?"

முன்னறையில் பேச்சு நின்றது. அடைத்த என் காதுக்கே அந்த அமைதி கேட்டது. மருமகள் கையில் தட்டுகளோடு நின்றாள். பிறகு தட்டுகளை வைத்துவிட்டு, மேசை நடுவிலிருந்து பூப்போட்ட ஒரு பீங்கான் பரணியை எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டு உப்பு முழுக்க அதில்தான் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அன்று காலையில்தான் அதில் மாற்றி விருந்தாளிகள் முன்னால் வைத்திருக்கிறாள். அது இருந்தது அவள் அம்மா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரில்.

"அடுக்களையில வைக்க வேண்டிய சாதனத்தக் கொண்டு மேசையில வெச்சா, சமைக்கிறவங்க எந்தா செய்யும்? ஆரு சொல்லித் தந்தா இது?"

"போன்ல கண்டேன் அம்மே."

"போன்ல. எனக்கு விளிச்சுக் கேட்டா என்ன?"

மருமகள் பரணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டாள், "விளிச்சா அம்ம எடுக்குமோ?"

அவள் அம்மா கையை நீட்டினாள். பரணியை வாங்கினாள். உப்பு போட்டாள். துணிப்பையைப் பிரித்து, தன் வீட்டுக் கொடியில் காய்த்த மிளகை அம்மியில் நச்சிப் போட்டாள். இஞ்சி, பச்சைமிளகாய், இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால். கலக்கினாள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து ஊதி ஊதி ஆற்றி, மகளின் கையை இழுத்து உள்ளங்கையில் விட்டாள்.

"நோக்கு. உப்பு மதியோ?"

மருமகள் நக்கினாள். போதும் என்று தலையாட்டினாள். தலையாட்டும்போதே கண்ணீர் தாடையில் வழிந்தது. நான் அடுப்பைத் தணிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அடுக்களையில் மூன்று பேருக்கு இடமில்லை என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு நான்கு பேர் நின்றோம்.

ஸ்டூ கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. என் மகன் மூன்று தடவை போட்டுக்கொண்டான். சம்பந்தி ஐயா, இது தமிழ்நாட்டு ஸ்டைலா என்று கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அம்மாவும் மகளும் சோற்றுப் பருக்கையை மசித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மர மூடியிலும் உள்ளே இருப்பதையே ஒட்டினார்கள். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் மல்லி, ஒன்றில் சின்ன வற்றல் மிளகாய், அரிசிமாவுக்கு ஒரு நெல். மருமகள் என்னைப் பார்க்க வெட்கப்பட்டு, "மாமி எந்தா ஒண்ணும் சொல்லாதது?" என்று மட்டும் கேட்டாள். உப்பையும் ஒரு ஜாடிக்கு மாற்றி, அதற்கு என்ன ஒட்டுவது என்று யோசித்தார்கள். கல்லுப்பு கரைந்துவிடும். பேத்தி கடற்கரையில் பொறுக்கி வைத்திருந்த சிப்பியை ஒட்டினார்கள். சீனிக்கு ஒன்றும் வேண்டாம், எறும்பு வந்து காட்டித் தரும் என்றாள் சம்பந்தியம்மாள்.

பிறகு மகன் நல்ல பசை வாங்கி எல்லாவற்றையும் உறுதியாக ஒட்டித் தந்தான். இப்போது சாயங்காலமானால் வித்துராவிலிருந்து போன் வரும். அம்மாவும் மகளும் சண்டை போடுவது மாடிப்படி வரை கேட்கும். நான் அடுக்களையில் நின்று சிரித்துக்கொள்வேன். சமைக்கும்போது அந்தச் சிப்பியில் விரல் படுகிற ஒவ்வொரு முறையும், ஒரு தாய் தன் மகளைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைக்கட்டும் என்றுதான் அன்றைக்கு உப்பு என் கைக்குச் சிக்காமல் வெளியே போய் உட்கார்ந்திருந்ததோ என்று எனக்குத் தோன்றும்.