இரும்புக் கட்டிலும் நீலப் பாயும்

எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான். அதனால் முதுகுவலிக்கு டாக்டரிடம் போன முதல் ஆளும் நானே. அப்பா கடற்கரை மணலில் கட்டுமரம் தள்ளினார். அம்மா மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெசன்ட் நகர் முழுக்க நடந்தாள். அவர்கள் முதுகைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். புரபேஷன் முடியும் நேரம். கம்பெனி டாக்டர் உடம்பைப் பார்த்துச் சரி என்றால்தான் வேலை நிரந்தரம். குனிந்து கால் விரலைத் தொடச் சொல்வாராம். என் கை முழங்காலோடு நின்றுவிட்டது.

அடையாறு டாக்டர் ஒருவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துத் தட்டிப் பார்த்தார். "தரையில ஒரு மேட் போட்டு தினமும் எக்சர்சைஸ் பண்ணுங்க. தூங்கறதும் தரையிலயே தூங்குங்க. கட்டில் வேண்டாம்," என்றார்.

கட்டில் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன. என் முதல் சம்பளத்தில் வாங்கிய இரும்புக் கட்டில் அது. மீன்பாடி வண்டியில் கயிறு கட்டி எங்கள் குப்பத்துச் சந்துக்குள் அது வந்த அன்று, சாமி ஊர்வலத்துக்கு வழிவிடச் சொல்கிறவளைப் போல அம்மா வண்டிக்கு முன்னால் நடந்தாள்.

"உன்ன பாயிலர்ந்து எழுப்பத்தான் அம்மாங் கூடை தூக்கினேன். அந்தாளு துட்டையும் வாங்கிக்கினு திரும்ப பாயில படுன்றானா?" என்றாள்.

"பாய் இல்லம்மா. மேட்."

"அப்டீன்னா?"

எனக்கும் தெரியாது. படித்தவன் என்பதால் விளக்கினேன்.

ஆபீஸில் என் மேலதிகாரி மயிலாப்பூர்க்காரர். உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. "கேபிள் டிவில ஒரு வெள்ளைக்காரி கார்த்தால எக்சர்சைஸ் பண்றா. நாங்க ஆத்துல எல்லாரும் அவளைப் பாத்துண்டேதான் டிபன் சாப்பிடறோம். அவ தரையில விரிச்சுண்டிருக்காளே மேட், அந்த மாதிரி நீலமா வாங்கு," என்றார். பிறகு, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க பக்கத்துல எல்லாம் தரைதானேப்பா. உனக்கு ஈஸியா வந்துடும்," என்றார். தலையாட்டினேன். குனிய முடியாவிட்டாலும் தலையாட்ட முடிந்தது.

மாலையில் தி.நகருக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடை. விற்பனையாள் என் கழுத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பிறகு, "யோகாவா, ஏரோபிக்ஸா சார்?" என்றார்.

"முதுகுவலி."

மூன்று பாய்களை விரித்தார். ஒன்று தேங்காய் நார், பள்ளிக்கூடத்தில் குட்டிக்கரணம் போடுகிற பிள்ளைகளுக்கானது. இரண்டாவது கறுப்பு ரப்பர். லாரி டியூப் வாசனை அடித்தது. மூன்றாவது நீல ஃபோம், சிங்கப்பூர் சரக்கு என்றார். சிங்கப்பூர் என்று சொன்னபோது மட்டும் அவர் குரல் தணிந்தது.

"படுத்துப் பாருங்க சார். கூச்சப்படாதீங்க."

கடை நடுவில் படுத்தேன். கேரம் போர்டு வாங்க வந்த ஒரு குடும்பம் என்னைத் தாண்டிக்கொண்டு போனது. "காலை நீட்டுங்க சார். முதுகு எப்படி இருக்கு சார்?" தரையில் படுத்துக்கொண்டே சார் என்று கூப்பிடப்பட்டவனும் எங்கள் வம்சத்தில் நான்தான் முதலாக இருக்கும். அந்த மரியாதைக்கே நீலத்தை வாங்கிவிட்டேன். வாங்குமுன் பாய் என் உயரத்துக்குச் சரியா என்று தலைமுதல் கால்வரை டேப் வைத்து அளக்கவும் செய்தேன்.

அளக்க வேண்டியது என்னை அல்ல, வீட்டை. எங்களுக்கு இருந்தது ஒரே அறை. கட்டில் போக மிஞ்சிய தரை அம்மாவின் கோரைப்பாய்க்கே போதாது. அதில் பாதியைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்துத்தான் அவள் விரிப்பாள். அப்பா படகு நிழலில் மணலில் படுத்துக்கொள்வார். என் நீலப் பாய் பாதி விரிந்து, கட்டில் காலில் முட்டி, நிமிர்ந்து நின்றது.

"வெளிய வாசல்ல போட்டுப் பண்றேன்," என்றேன்.

"ஊரே பாக்க நீ தரையில உருளுவியா?" என்றாள் அம்மா. அப்பா மட்டும், "தொடலைன்னா வேலை போயிடுமா?" என்று கேட்டார். போய்விடும் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் பிடித்துக் கட்டிலைச் சந்துக்குத் தூக்கிப் போனார்கள். நான் பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதன்பின் கட்டில் சந்திலேயே கிடந்தது; இரவில் நானும் நீலப் பாயில்தான் படுத்தேன். தினமும் காலையில் கதவு சாத்தியிருக்கும். உள்ளே நான். வெளியே தண்ணி லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

"இன்னாக்கா, கட்டில வெளிய போட்டுக்கீற?"

"வெயில் காட்டறேன். மூட்டப்பூச்சி வந்துடக் கூடாதில்ல."

"புள்ள உள்ள இன்னா எண்ணிக்கினு கீறான்?"

"ஆபீஸ் கணக்கு. வீட்லயும் விட மாட்றானுங்க."

உள்ளே ஒன்றிலிருந்து இருபதுவரை திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதைத் தாண்டாத கம்பெனியில் எனக்கு என்ன சம்பளம் வரும் என்று அவர்கள் கவலைப்பட்டிருக்கலாம்.

கம்பெனி டாக்டர் முன்னால் குனிந்தேன். விரல் தொட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரி என்று எழுதிவிட்டார். நான் தொட்டதைப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

அது சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். மதியம் வீட்டுக்கு வந்து நிரந்தரம் என்று சொன்னேன். அம்மா நேராகச் சந்துக்குப் போய்க் கட்டிலில் இருந்தவர்களை எழுப்பினாள். அப்பாவும் அவளும் அதை உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் இறக்கினார்கள். நீலப் பாயை அதன்மேல் விரித்து, மேலே ஒரு பூப்போட்ட போர்வையைப் போட்டு மறைத்தாள்.

"இனிமே கீழ படுக்கற வேல இல்ல நைனா. ஏறிப் படு."

"டாக்டரு தரையில..."

"வேல கெட்ச்சிடுச்சில்ல. ஏறு."

ஏறிப் படுத்தேன். கட்டில் நடுவில் தொய்ந்து கிறீச்சிட்டது. அம்மா தன் கோரைப்பாயை எனக்குக் கீழே பாதி நுழைத்து விரித்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, பிறகு படுத்தாள்.