குப்பைப் பெட்டியில் அக்கா

இன்று காலை என் கைபேசி ஒரு மடலைக் குப்பை என்று தானாகவே ஒதுக்கிவிட்டு, அதைப் பெருமையாக எனக்கு அறிவித்தது. உடனே அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். லாட்டரிப் பரிசு, முடி வளரும் தைலம் எல்லாவற்றையும் படித்த பிறகுதான் குப்பைப் பெட்டியைக் காலிசெய்கிற ஆள் நான்.

ஏற்காட்டில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏரிக்குப் பக்கத்து இன்டர்நெட் கடையில் ஈரக் கம்பளியும் சூடான கணினியும் கலந்த ஒரு வாடை. எங்கேயாவது ஸ்வெட்டர் காய்ந்தால் இப்போதும் அந்தக் கடைக்குப் போய்விடுவேன். அங்கேதான் மின்னஞ்சல் பார்ப்பேன். குப்பை மடல்கள் குவிந்ததால் ஒரு வடிகட்டியை அமைத்தேன். கற்றுக்கொள்கிற வடிகட்டி: எது குப்பை என்று காட்டக் காட்ட, அதுவே பிரிக்கப் பழகும். டீச்சர் இல்லையா, உற்சாகமாகப் பாடம் நடத்தினேன். நல்ல மடல் எது என்றும் காட்டச் சொல்லியிருந்தது. அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அக்கா அப்போது வளைகுடாவில் நர்ஸ். ஏழு மாதக் கர்ப்பிணி. தமிழை ஆங்கில எழுத்தில் நீள நீளமாக எழுதுவாள். திடீரென்று அவள் மடல்கள் நின்றுபோயின. பக்கத்து மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டுத் தொலைபேசியும் மழையில் செத்துக் கிடந்தது. பூத்திலிருந்து அவள் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அம்மா வாசலில் நிற்பாள்.

"ஏங்கண்ணு, அக்கா எழுதுனாளா?"

"அவளுக்கு வேலை நொம்ப இருக்கும்மா."

"எழுதாம இருக்கமாட்டாளே சாமி. எனக்கென்னமோ பயமா இருக்குது."

எனக்கும்தான். காட்டிக்கொள்ளவில்லை. வகுப்பில் பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன்.

ஒரு சாயங்காலம் குப்பைப் பெட்டியைக் காலிசெய்யப் போனேன். இரண்டு மருந்து விளம்பரங்களுக்கு நடுவே அக்கா பெயர். கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. தமிழிலும் சேராத, ஆங்கிலத்திலும் சேராத அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, வடிகட்டி அவளை மொத்தமாக ஒதுக்கியிருந்தது. கடைசி மடல் சில வரிதான். குழந்தை முன்னாலேயே பிறந்துவிட்டது, இன்குபேட்டரில் இருக்கிறது, ஏன் ஒருவரும் பதில் போடவில்லை, அம்மாவுக்கு என்மேல் கோபமா?

பக்கத்து டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். மடலில் இருந்த ஆஸ்பத்திரி எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினேன்.

"அக்கா, பாப்பா…"

கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. "இருக்குறாடி. இன்னிக்குத்தான் குழாய எடுத்தாங்க. தானா மூச்சு உடுறா."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் கேட்டாள்: "பொண்ணா?"

மறுநாள் அக்காவின் மடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து 'இது குப்பையல்ல' என்று வடிகட்டிக்குக் காட்டினேன். அதன்பின் அது அவளைத் தடுத்ததே இல்லை.

அந்தக் கடை இப்போது சாக்லேட் விற்கிறது. மின்னஞ்சல் நிறுவனமும் ஒருநாள் மூடிவிட்டது; அக்காவின் மடல்கள் அதோடு போயின. இப்போது தினமும் வீடியோவில் வருகிறாள். "நல்லாருக்கேன்டி" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாள். ராத்திரி டியூட்டியில் பயந்தது, வார்டில் அவள் பார்த்துக்கொண்ட நோயாளி செத்ததற்கு அழுதது, ஊர் மழைக்கு ஏங்கியது என்று பக்கம் பக்கமாகக் கொட்டிய அந்த அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள். முகம் நன்றாகத் தெரிகிறது. எப்படி இருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.