அக்கா பேசாதிருந்த குளிர்காலம்

கொதிநீரில் தட்டிப் போட்ட இஞ்சியின் ஆவிதான் எனக்கு அந்தக் குளிர்காலத்தின் மணம். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்த எங்கள் வீட்டில், பதினெட்டு வயது அக்கா தலைக்குத் துவாய் போர்த்திக்கொண்டு அந்தச் சட்டியின் மேல் குனிந்திருப்பாள். ஒபரா என்னும் மேலைநாட்டு இசைநாடகத்தில் பாடகியாகும் ஆசையில் அளவுக்கு மீறிப் பாடியதில் அவளுடைய குரல்நாண்கள் வீங்கியிருந்தன. வசந்தத்தில் இசைக்கல்லூரியின் நுழைவுத் தேர்வு. அதற்குள் குரல் திரும்பாவிட்டால் கணக்கியல் படிக்கவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். வைத்தியர் தடுத்தவை நான்கு: பாட்டு, பேச்சு, செருமல், கிசுகிசுப்பு. கடைசியானதுதான் ஆகக் கெடுதி என்பதை எட்டு வயதில் என்னால் நம்பவே முடியவில்லை.

கீழ்க்கடை "பாமினி அன்ரி" ஒருநாள் கறிவேப்பிலையோடு மேலே வந்தார்.

"என்ன, பெரியவள் வாய் திறக்கிறாள் இல்லை? கோவமோ?"

தொண்டையில் நோய் என்றால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் அது வந்து நிற்கும் என்று பயந்த அம்மா, "மௌன விரதம்" என்றார்.

"ஓம், நல்லது. உப்பிடி இருந்தால் மாப்பிள்ளை கெதியா வருவான். வந்தாப் பிறகு அவன்தான் மௌனமா இருக்கோணும்."

சட்டியின் மேல் அக்காவின் துவாய் குலுங்கியது. வைத்தியர் தடுத்தவற்றோடு சிரிப்பையும் ஐந்தாவதாக நான் சேர்த்துக்கொண்டேன். சாமியின் பேரில் சொன்ன பொய் அம்மாவை உறுத்தியிருக்க வேண்டும். அதன்பின் வந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் உண்மையாகவே சாப்பிடாமல் இருந்தார்.

மாசி முடியும்போது பாட அனுமதி கிடைத்தது. அப்பா எங்கள் இருவரையும் பாட்டு ஆசிரியையிடம் கூட்டிப்போனார். குரல் வந்தது, ஆனால் பழைய மெல்லிய குரல் அல்ல, சன்னல் கண்ணாடி அதிரும்படியான கனத்த குரல். இது முழு வாத்தியக் குழுவையும் மீறி ஒலிக்கக்கூடிய "திரமாத்திக் சொப்ரானோ", முப்பது வயதுக்கு மேல்தான் முதிரும், அதுவரை பெரிய வேடங்களைத் தொடக்கூடாது என்றார் ஆசிரியை.

அப்பா அக்காவைப் பார்த்தார். "முப்பது வயது வரைக்கும் என்ன செய்யிறது?"

"காத்திருக்கிறது, அப்பா."

அவர் கையிலிருந்த தொப்பியைச் சிறிது நேரம் சுழற்றிக்கொண்டிருந்தார். "சரி. முதலிலை அந்தக் கல்லூரிச் சோதினைக்குப் போ."

கல்லூரியில் அவளை எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் கூட்டுப்பாடகர் வரிசையிலும் சிறு வேடங்களிலும் நின்றவள், சென்ற இலையுதிர்காலத்தில்தான் முதன்முறை நாயகியாகப் பாடினாள். ஒலிவாங்கி இல்லாமல், பித்தளை ஊதுகருவிகளையெல்லாம் தாண்டி, அம்மாவும் அப்பாவும் நானும் இருந்த மேல்மாடக் கடைசி வரிசைக்கு அந்தக் குரல் வந்தது.

என்னைத் தூங்கவைத்த அவளுடைய மெல்லிய குரல் இப்போது எங்கும் இல்லை. ஒரு பதிவுகூட இல்லை. முதல் அங்கம் முழுவதும் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் அங்கத்தில் தேடுவதை விட்டுவிட்டேன்.