பூமி மார்க் தீப்பெட்டி

கோவில்பட்டியில் மந்தித்தோப்பு ரோட்டில் ராஜமணிக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, காற்றாடி என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஓடு போட்ட இரண்டு கூடம், குச்சி அடுக்குகிற பெண்கள், மருந்து முக்குவதற்கு ஒதுக்குப்புறமாக ஒரு அறை, அவ்வளவுதான்.

அங்கே செய்த பெட்டி ஒன்றில்கூட ராஜமணியின் பெயர் கிடையாது. பெரிய முதலாளிகள் தங்கள் லேபிள் கட்டைக் கொடுத்தனுப்புவார்கள்; இவர் பெட்டி செய்து, அந்த லேபிளை ஒட்டித் திருப்பி அனுப்புவார். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது, உங்கள் லேபிள் எது என்று கேட்டுவிட்டால் போதும், ராஜமணிக்குச் சோறு இறங்காது. சொந்த லேபிள் இல்லாத தீப்பெட்டிக்காரனை முதலாளி என்று ஊர் ஒத்துக்கொள்வதில்லை. சாவதற்குள் தன் பேரில் ஒரு லேபிள் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

ஆசைப்பட்டால் ஆயிற்றா? சேவல், மான், மயில், கப்பல், குத்துவிளக்கு என்று எல்லாவற்றையும் ஆட்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். கத்தரிக்காயைக்கூட விட்டுவைக்கவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் பழைய பேப்பர் கடையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகைக் கட்டுக்குள் அந்தப் படம் அவர் கண்ணில் பட்டது. கறுப்பு வானத்தில் நீலமாக ஒரு உருண்டை. நிலாவுக்குப் போனவர்கள் போகிற வழியில் திரும்பிப் பார்த்து எடுத்த பூமியின் படம் என்று கடைக்காரர் வாசித்துச் சொன்னார். அதற்குமேல் என்ன போட்டிருந்ததோ, தாள் கிழிந்திருந்தது. ராஜமணி வெயிலில் நின்றபடி அதையே பார்த்தார். மேகத்துக்கு நடுவே பழுப்பாக ஒரு பெரிய நிலம் கீழே போகப் போகக் கூம்பிக்கொண்டு போனது. வலப்பக்கம் கடலில் ஒரு தீவு. பள்ளிக்கூடத்துச் சுவரில் சின்ன வயதில் பார்த்ததுதானே? இது கன்னியாகுமரி, அது இலங்கை. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி சுப்புத்தாயிடம் காட்டினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நம்ம ஊர் எங்கே என்று கேட்டாள். ராஜமணி நுனிக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்தார். அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, பக்கத்தில் இந்தியா என்று இங்கிலீஷில் போட்டுவிட வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார். வடக்கே எவன் பீடி பற்றவைத்தாலும் கோவில்பட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.

ஆனால் அண்ணாச்சியிடம் கேட்காமல் ராஜமணி ஒரு காரியமும் செய்தது கிடையாது. அண்ணாச்சி என்பது பெரியப்பா மகன் ஆறுமுகசாமி. அப்பா இல்லாத பிள்ளையான ராஜமணியைக் கைபிடித்துத் தொழிலில் இறக்கிவிட்டவர் அவர்தான். வடநாட்டு வியாபாரிகளுக்குத் தீப்பெட்டி அனுப்புகிற கடை வைத்திருந்தார். அவருக்கும் சொந்த லேபிள் கிடையாது. அவரும் தோதான படம் தேடிக்கொண்டுதான் இருந்தார். அதனால் என்ன, அண்ணாச்சி வேறு தான் வேறு என்று ராஜமணி என்றைக்கும் நினைத்ததில்லை.

ஆறுமுகசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு நாள் வைத்திருந்துவிட்டுத் தருகிறேன் என்றார். மறுநாள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ராஜமணியின் தோளில் தட்டினார்.

"படம் நல்லா இருக்கு தம்பி. அப்படியே போடு."

அது போதாதா? லேபிள் வரைகிற வெயிலுமுத்து மட்டும், பொட்டு வைத்தால் அச்சில் மை தெறித்த மாதிரி இருக்குமே என்று இழுத்தார். அப்படியானால் பெரிய பொட்டாக வையும் என்று ராஜமணி சொல்லிவிட்டார். பூமி மார்க் லேபிள் அச்சாகி வந்த அன்றைக்கு ஆபீஸில் எல்லோருக்கும் வடையும் காப்பியும். முதல் பெட்டியைக் குலதெய்வத்தின் முன்னால் வைத்து, அதிலிருந்தே ஒரு குச்சியை உரசிச் சூடம் கொளுத்தினார். முதல் லோடை ஆறுமுகசாமியே தன் கடை மூலமாகக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார்.

சரக்கு திரும்பி வந்துவிட்டது. பொட்டு வைத்திருக்கிற இடம் இந்தியாவே இல்லையாம். கடைக்கு வருகிறவர்கள் பெட்டியைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்களாம். இதை வைத்துப் பிழைக்க முடியாது என்று கல்கத்தா வியாபாரி சொல்லி அனுப்பியிருந்தார். ராஜமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத விஷயம் எதுவானாலும் அவர் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனார்.

அங்கே மேசையில் புது லேபிள் கட்டு ஒன்று பிரித்துக் கிடந்தது. அதே கறுப்பு வானம், அதே நீல உருண்டை. நட்டநடுவில் மட்டும் இந்தியா, ஒரு மேகம்கூட மறைக்காமல் வரையப்பட்டிருந்தது. அடியில் ஆறுமுகசாமியின் பெயர். ராஜமணி தன் லேபிளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஒன்னுது ஆப்பிரிக்கா தம்பி," என்றார் ஆறுமுகசாமி, சரக்கு விவரம் சொல்கிற குரலில். "அந்தத் தீவு எலங்கை இல்ல. மடகாஸ்கர்னு பேரு."

"ஒங்களுக்கு இது எப்பத் தெரியும் அண்ணாச்சி?"

"நீ கொண்டாந்த அன்னைக்கே. காலேஜ்ல படிக்கிற எம்மவன் பாத்துச் சொன்னான்."

"பெறகு ஏன் சொல்லல?"

ஆறுமுகசாமி லேபிள்களைச் சேர்த்து எடுத்து, விளிம்பை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"சொல்லியிருந்தா நீ சரியாப் போட்டிருப்பியே."

ராஜமணி வெளியே வந்து சைக்கிளை எடுத்தார். ஊரில் வேறு எவன் இதைச் செய்திருந்தாலும் சண்டை பிடித்துவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டிருப்பார். ஆப்பிரிக்கா என்று தெரிந்துகொண்டேதானே தோளில் தட்டினார்? அந்தக் கை பட்ட இடம் வெகுநாளைக்கு அவருக்குக் கூசிக்கொண்டே இருந்தது.

மறுபடியும் அடுத்தவர்கள் லேபிளையே ஒட்டினார். ஆறுமுகசாமியின் உலக உருண்டை மார்க் ஓகோவென்று ஓடியது. அந்த லேபிளை ஒட்டுகிற வேலையை மட்டும் ராஜமணி கடைசிவரை எடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற தேசப்படப் புத்தகம் ஒன்று வாங்கினார். எந்தக் கரை எந்த நாட்டுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்குப் பார்த்தார். அதன் பிறகும் கடைத்தெருவில் சில பேர், மடகாஸ்கர் முதலாளி போறாரு பார் என்று அவர் காதுபடவே சொன்னார்கள்.

எண்பத்து நாலில் நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போய், மேலேயிருந்து இந்தியாவைப் படம் எடுத்தார். பத்திரிகைகள் இதுதான் சாக்கு என்று, யார் யாரோ என்றைக்கோ வானத்திலிருந்து எடுத்த பழைய படங்களையும் சேர்த்துப் போட்டுத் தள்ளின. அப்போது ஒரு காலையில் ஆறுமுகசாமி ராஜமணி வீட்டுக்கு வந்தார். பத்து வருஷத்தில் அவர் அந்தப் படி ஏறியதே இல்லை. கையில் பத்திரிகைத் தாள் ஒன்று. வரைந்த படத்தை எடுத்துவிட்டு நிஜப் படத்தையே லேபிளில் போட்டால் இந்த நேரத்துக்குச் சரக்கு பறக்கும் என்றார். ஆனால் பத்திரிகைக்காரன் படத்தை மாற்றிப் போட்டிருந்தால் என்ன செய்வது? கேட்கலாமென்றால் மகன் வெளிநாட்டில் இருக்கிறான்.

"ஒனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாம்லா. நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி. நம்ம ஊரு இதுல இருக்கா?"

ராஜமணி தாளை வாங்கினார். ஏதாவது சொல்லிக் கவிழ்த்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மைதான். ஆனால் படத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. கூம்பி முடிகிற கரை, மன்னார் வளைகுடா, வலப்பக்கம் இலங்கை. இந்தத் தடவை நிஜமாகவே அதுதான். பேப்பர் கடை வெயிலில் நின்று அன்றைக்குப் பார்த்ததாக நினைத்தாரே, அந்தப் படம். அவருக்குக் கோபம் மறந்து சந்தோஷமாகக்கூட இருந்தது.

"படம் நல்லா இருக்கு அண்ணாச்சி. அப்படியே போடுங்க."

சொன்ன பிறகுதான் அண்ணாச்சியின் அந்தப் பழைய வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. ஆறுமுகசாமியின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் படத்தைப் பார்த்தார், ராஜமணியைப் பார்த்தார். தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த லேபிள் வரவே இல்லை.

அவர் படியிறங்கியதும் சுப்புத்தாய் காப்பித் தம்ளரோடு வெளியே வந்தாள்.

"அது நம்ம ஊரு இல்லையா?"

"நம்ம ஊருதான். சத்தியமா நம்ம ஊருதான்."

"பெறகு அவிய ஏன் நம்பல?"

"நானும் அவரை மாதிரித்தான்னு நெனைச்சிட்டாரு," என்றார் ராஜமணி. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடை மேசை முன்னால் நின்றபோது வராத அழுகை அவருக்கு இப்போது வந்தது.