அஷ்டமியில் கூட்டம் இருக்காது என்று நம்பிப் போன தீம் பார்க்

மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருப்பவனுக்கு மே மாதத்தில் லீவு கேட்கும் தைரியம் வராது. வெயில் ஏறினால்தான் எங்களுக்கு வேலையே. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் முப்பது நாள் லீவு எனக்கு எப்போதும் தை மாதத்தில்தான் வந்து விழும். அரையாண்டு லீவு, பொங்கல் லீவு எல்லாம் முடிந்து, பிள்ளைகளைப் பிடித்து வகுப்பில் உட்கார வைத்திருக்கும் நேரம் அது. என்னைப் போல லீவில் வந்து குடும்பத்தைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போக நாள் பார்க்கும் அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பட்டது போதும்.

எங்கள் ஊர் களமருதூர். மகள் கயல் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன லீவில், காணும் பொங்கலுக்கு மறுநாள், சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய பார்க்குக்குப் போனோம். எள் விழ இடமில்லை. மூன்று மணி நேரம் நின்றும் ரோலர் கோஸ்டரில் ஏற முடியாமல் திரும்பினோம். "அடுத்த லீவுல நீயும் நானும் மொத சீட்டு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். இந்த முறையும் தவறவிட்டால், அடுத்து நான் வரும்போது அவள் பிளஸ் ஒன். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு இருக்கும். அப்பாவோடு ராட்டினம் ஏறும் ஆசை இருக்குமா என்பதும் சந்தேகம். ஆக, விட்டால் இந்தத் தைதான்.

இந்த முறை சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை வைத்துத் திட்டம் போட்டேன். சனி, ஞாயிறு கூடாது. முகூர்த்த நாளும் கூடாது, ரோடெல்லாம் கல்யாண வண்டியாக இருக்கும். தேடிப் பிடித்தேன் ஒரு செவ்வாய்க்கிழமை. தேய்பிறை அஷ்டமி வேறு. செவ்வாய் வெறுவாய் என்று எங்கள் பக்கத்தில் ஆடு கூட வாங்க மாட்டார்கள். மனைவி செல்வி அந்தத் தாளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அஷ்டமில யாராச்சும் வூட்ட வுட்டுக் கெளம்புவாங்களா?"

"கெளம்ப மாட்டாங்க இல்ல? அதுக்குத்தான் அன்னிக்கிப் போறோம்."

"அதுக்குக் கல்வராயன் மலைக்கே போய்ட்டு வந்துடலாங்க. அருவி இருக்குது, போட்டிங் இருக்குது, செலவும் கம்மி."

மலையில் ரோலர் கோஸ்டர் இருக்கிறதா என்று கேட்டேன்.

காலை 5.30க்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் பேசிய வாடகைக் கார், ஆறாயிரம் ரூபாய், டோல் தனி. பார்க் வரைக்கும் 185 கிலோமீட்டர். திண்டிவனத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம், மூன்று பேருக்கும் 310 ரூபாய். ரோடு காலியாக இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு போனேன். அந்த நான்கு மணி நேரம்தான் இந்தப் பயணத்தில் நான் நிம்மதியாக இருந்தது.

9.20க்கு பார்க் வாசலில் கார் நின்றது. முன்னால் டூரிஸ்ட் பஸ்கள். அதற்குப் பின்னாலும் டூரிஸ்ட் பஸ்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பள்ளிக்கூடத்தின் பேனர். பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். டிக்கெட் ஆளுக்கு 1,350 கொடுத்து உள்ளே போனால், பள்ளிக் குழுக்களுக்குத் தனி வரிசை, எங்களைப் போன்ற உதிரிகளுக்குத் தனி வரிசை. அவர்கள் வரிசையில் நாற்பது பேர் ஏறினால் எங்கள் வரிசையில் நான்கு பேர் ஏறினோம்.

ரோலர் கோஸ்டர் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். கயல் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. தினமும் வீடியோ காலில் பேசுகிற பெண்ணோடு நேரில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வரிசையிலேயே தெரிந்துகொண்டிருக்கலாம், நான் கூட்டத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் நின்ற பிள்ளைகள் கையில் பிடித்திருந்த பேனரைப் பார்த்தேன். கல்வராயன் மலையில் இருக்கும் ஓர் உறைவிடப் பள்ளி. மலைக்கு வேண்டாம் என்று நான் இங்கே வந்தால், மலையே இங்கே வந்து நிற்கிறது.

அவர்களுடைய டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், எங்க புள்ள ஒன்னு பயந்துக்கினு ஏற மாட்டேங்குது. ஒரு சீட்டு காலியா கீது. ஒங்க பொண்ண அனுப்புறீங்களா?"

கயல் என் முகத்தைப் பார்த்தாள். "நீ இன்னாப்பா பண்ணுவ?"

"நீ போ. நான் அடுத்த ரவுண்டுல ஏறிக்கிறேன்."

அந்த ஒரு சீட்டு, முதல் சீட்டு. மேலே போகும்போது அவள் என்னைத் தேடிக் கையாட்டினாள். பிறகு நான் முன்னால் போய்ச் சேர்ந்தபோது, சாப்பாட்டு நேரம் என்று கம்பியை இழுத்துப் போட்டுவிட்டார்கள். கயல் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பின்னால் நான்கைந்து மலைப் பெண்கள். "தண்ணில போறதுக்குக் கூப்புடுறாங்கப்பா. போவட்டா?" நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

மதியம் முழுவதும் செல்வியும் நானும் வெளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் அவளுடைய பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அந்த மலைப் பிள்ளைகளை ஓட்டி வந்த டிரைவர். அஷ்டமியில் இவ்வளவு கூட்டமா என்று அவரிடம் புலம்பினேன்.

"அஷ்டமின்றதாலதாண்ணே கூட்டம். தை மாசம் பூரா கல்யாணம். வண்டி ஒன்னு கெடைக்காது. அஷ்டமி, நவமி வந்தா வண்டி சும்மா நிக்கும், வாடக கம்மி. அன்னிக்கிப் பாத்து ஸ்கூல்காரங்க எடுத்துக்கினு வந்துடுவாங்க."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

நான்கு மணிக்கு மறுபடியும் ரோலர் கோஸ்டர் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த வரிசையை மூடிவிட்டார்கள். ஏறியவர்களைப் படம் பிடித்து விற்கும் கவுன்டரில் கயலின் படம் இருந்தது. 250 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

5.30க்குக் கிளம்பினோம். மேல்மருவத்தூர் வரும் வரை கயல் அந்தப் பெண்களைப் பற்றியே பேசினாள். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்க ஸ்கூல்லயும் இங்கதாம்பா இட்டுக்கினு வந்தாங்க. டிசம்பர்ல."

"நீ ஏன் போவல?"

"நீதான் மொத சீட்டுல ஒண்ணா போலாம்னு சொன்ன இல்ல. நான் முன்னாடியே ஏறிட்டா ஒனக்கு இன்னா இருக்கும்? அதான் பேரு குடுக்கல."

"பணம் கட்டுறேன்னு நானும் எவ்ளவோ சொன்னேன்" என்றாள் செல்வி. "கேக்கல அது."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இரவு 10.15க்கு வீடு. மொத்தச் செலவு 12,400 ரூபாய்.

போகிறவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரியில் வேலை நாள் என்றால் காலியாக இருக்கும் என்று நம்பாதீர்கள், அது பள்ளிக்கூட டூர் நேரம். அஷ்டமி, நவமி அதைவிட மோசம். எந்த நாளாக இருந்தாலும் முந்தின நாள் போன் செய்து எத்தனை பள்ளிகள் வருகின்றன என்று கேளுங்கள். உள்ளே போனதும் எதில் ஏற வந்தீர்களோ அதற்கே முதலில் ஓடுங்கள், மாலையில் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் பிள்ளையின் பள்ளியில் டூர் வைத்தால் பணம் கட்டி அனுப்பிவிடுங்கள். அப்பா வந்து அழைத்துப் போகிறேன், இரு என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் நிஜமாகவே இருந்துவிடுகிறார்கள்.

அந்தப் படத்தை மஸ்கட்டில் என் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் சீட்டில் கயலும் ஒரு மலைப் பெண்ணும் வாயைப் பிளந்துகொண்டு கத்துகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பெண் யார் என்று அறையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது. நான் உட்கார வேண்டிய இடம் அது என்பது மட்டும் தெரியும்.