பல்லில் கடித்த திருப்புளி

தகரத்தின் மேல் நண்டு நடந்தால் எப்படிக் கேட்கும், அப்படிக் கேட்டது அந்தச் சத்தம். டிக், டிக், டிக். உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலை. பாத்திகளில் விழுந்த காலை வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது முதலில் காலடியில்தான் கேட்டது. வண்டி வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுத்தது. கியர் மாற்றும்போது சற்றுப் பின்தங்கி, மறுபடியும் ஓடிவந்து எங்களைப் பிடித்துக்கொண்டது.

அப்பாவின் முழங்கையைத் தொட்டு, ஏதோ சத்தம் வருகிறது என்றேன். உப்புக் காற்றுக்கு இங்கே எல்லா வண்டியும் அப்படித்தான் என்றார். என்ன சத்தம் என்று கேட்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கல் லாரிகள் ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே ஊருக்குள் பாயும். அப்பாவின் வண்டி, யாரோ ஒரு மில் மானேஜர் ஓட்டித் தேய்த்துப் பிறகு கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்த கறுப்பு வண்டி. அதை வாடகைக்கு ஓட்டினார். காலையில் கப்பல் ஏஜென்சி ஆபீஸில், என் டைப்ரைட்டரிடம், என்னை இறக்கிவிட்டு எதிரே இருக்கும் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போவார். அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வண்டியையும் சேர்த்தால் மூன்று.

அதற்கு முன் அவர் சங்கு குளித்தவர். கல்லைக் காலில் மாட்டிக் கயிற்றோடு ஆழத்துக்கு இறங்கியவர்; கயிற்றின் மறுமுனையை மேலே வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். ஒரு பருவத்தில் இடது காதில் ரத்தம் வந்தது. அந்தக் காது போனது ஊருக்கே தெரியும். நீளமான பிரசங்கம் என்றால் சாமியார் பக்கம் அந்தக் காதைத்தான் திருப்பிவைப்பேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இன்னொரு காது இருந்தது. இருக்கிறது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் படியேறும் முன் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் இறங்கியிருந்தார். நண்டு நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பருத்த டிரைவர் உண்டு, பனங்காட்டுப் பக்கத்துக்காரர், எல்லோரையும் சீண்டுவார். பானெட்டின் மேல் குனிந்து காது வைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, உள்ள தையல் மிசின் ஓட்டுதீரோ? எனக்கும் ஒரு சட்டை தச்சுத் தாருமே," என்றார்.

அப்பா சிரித்தார். சட்டைப் பையில் கைவிட்டுத் தீப்பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

பதிலுக்குக் கேலி என்று நினைத்து டிரைவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். நான் படியேற மறந்து நின்றேன். அப்பாவின் அந்த முகத்தை எனக்குத் தெரியும். எந்தக் கேள்வி வந்திருக்கும் என்று தேடி, பீடிக்கு நெருப்புத்தான் கேட்டிருப்பான் என்று கணக்குப் போட்டு, கை நீட்டிய முகம்.

அன்று டைப் அடித்ததெல்லாம் பிழை. சாவிகள் டிக் டிக் என்று என்னைத் துரத்தின. போன மாதம்தான் அதே ஸ்டாண்டு வண்டி ஒன்று வெறுஞ்சாலையில் வெடித்தது போல் நின்றது. எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கனெக்டிங் ராடு வெளியே வந்ததாம், சாலையெல்லாம் எண்ணெயாம். அதற்கு முன்பும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அந்த டிரைவருக்காவது சத்தம் கேட்டிருந்தது. எங்கள் வண்டிக்குத் திங்கட்கிழமை விளாத்திகுளம் சவாரி பேசியிருந்தது. பிரசவம் முடிந்து புருஷன் வீட்டுக்குப் போகும் ஒரு பெண்ணும், அவள் மடியில் கண் சரியாக விழிக்காத பிள்ளையும்.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் உண்மையாகிவிடும். ஸ்டாண்டுக்குத் தெரிந்தால் அன்றோடு அவர் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. கடலில் இருந்து ஒரு முறை கரையேற்றப்பட்டவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் வெள்ளை வேட்டியை மாற்றாமலே கொல்லைக்குப் போனார். வண்டி ஓடும் சத்தம் கேட்டு அடுக்களை ஜன்னலில் போய் நின்றேன். பானெட் திறந்திருந்தது. நீளத் திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றிப் பிடியை வலது காதோடு அழுத்தியிருந்தார். இடம் மாற்றினார். இடது காதில் வைத்தார். செத்துப்போன காது அது. பிறகு பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கழுத்து நரம்பு புடைக்க, மூச்சை அடக்கி, தண்ணீருக்குள் இருப்பவர் போல நின்றார். அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியாமல் நானும் மூச்சடக்கி நின்றேன்.

கண் திறந்தபோது ஜன்னலில் என்னைப் பார்த்தார். பிடியைப் பல்லிலிருந்து எடுத்தார்.

"பல்லுல எல்லாம் ஒண்ணாத்தான் நடுங்குதுளா," என்றார். "நீ வந்து கேளு."

போனேன். மேலே இருந்து வந்தால் வால்வைத் தட்டும் டாப்பெட் தளர்ந்திருக்கிறது, தானே சரிசெய்துவிடலாம். அடியிலிருந்து வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அடுத்தது ராடுதான் என்றார். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக முடியாது. எப்போதிலிருந்து சத்தம் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. எப்படிக் கேட்கிறது, சொல் என்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகரத்தில் நண்டு நடப்பது போல என்றேன்.

"நண்டு எம்மாம் பெரிசு?"

சிரிக்கவில்லை அவர். அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது. சின்னது, நகம் மட்டும் படுகிறது என்றேன். வள்ளம் கட்டுகிற இடத்தில் மரக் கொட்டாப்புளியால் அடிப்பது போலக் கனமாக இல்லையே என்றார். இல்லை என்றேன். சொன்ன உடனே அடியிலிருந்தும் வருவது போல இருந்தது. பயம் காதுக்குள் புகுந்தால் எல்லாத் திசையும் சத்தம்தான். நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையை நம்பி, நாளை ஒரு பச்சைப் பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றுவார்கள்.

காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். பேரிங் சத்தம் என்றால் அந்தச் சிலிண்டரின் வயரைப் பிடுங்கும்போது அமுங்கும் என்றார். ஒவ்வொரு முறையும் எஞ்சின் நொண்டியது. ஒவ்வொரு முறையும் அவர் எஞ்சினை விட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்: இல்லை, மாறவில்லை. கடைசி வயரிலும் நண்டு அதே காலோடுதான் நடந்தது.

மேல்மூடியைக் கழற்றினார். ஓடும் எஞ்சினில் எண்ணெய் வேட்டியெல்லாம் தெறிக்க, மெல்லிய தகட்டை டாப்பெட் இடைவெளிகளில் ஒன்று ஒன்றாகச் செருகினார். ஓரிடத்தில் செருகியதும் சத்தம் நின்றது. கை உயர்த்தினேன். எஞ்சினை அணைத்து, அந்த டாப்பெட்டை முடுக்கி, மூடிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

"போயிருச்சா?"

போய்விட்டது என்றேன். நியாயமாக என் பயமும் அதோடு போயிருக்க வேண்டும். தான் கேட்ட கேள்வி தனக்கே உறைத்ததும் அவர் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. நாங்கள் இருவரும் வேறெங்கோ பார்த்தோம்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று துறைமுகச் சாலைக்குப் போனோம். வண்டி பட்டுப் போல ஓடியது. அந்த அமைதியில்தான் பின்னால் கல் லாரியின் ஹாரன். விடாமல் அடித்தான். அப்பா நடுச்சாலையில் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க லாரியின் முகம். அப்பா முன்னே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், எஞ்சின் சரியான சந்தோஷத்தில். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். வண்டியை இடப்புறம் ஒடித்தார். லாரி எங்கள் கதவை உரசுவது போலப் போனது. தூசி அடங்கும்வரை அங்கேயே நின்றோம்.

"ரொம்ப நேரமா அடிச்சானோ?"

"ஆமாப்பா."

நான் வேலையை விட்டுவிடுகிறேன், தினமும் கூட வருகிறேன் என்றேன். என் குரல் நடுங்கியது அவருக்குக் கேட்டிருக்காது, பார்த்திருப்பார்.

"கயிறு புடிக்கவன் வள்ளத்துல இருக்கணும்ளா," என்றார். "நீ என்கூடவே முங்குத."

விளாத்திகுளத்துக்கு வேறு வண்டி போனது. சில நாள் கழித்து அந்தப் பருத்த டிரைவரே எங்கள் வண்டியை வாங்க வந்தார். தையல் மிசினை எங்கே ஒளித்துவைத்தீர் அண்ணாச்சி என்று கேட்டார். அப்பா முதலில் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"இன்னும் கேக்கா?"

"கேக்குப்பா. கோயிலத் தாண்டுது."

காத்திருந்தார்.

"இப்ப?"

கண்ணை மூடிக் கேட்டேன். "இல்லப்பா. இப்ப அலைதான்."

தலையாட்டிவிட்டு, எண்ணெய்க் கறை மட்டும் மிச்சமிருந்த இடத்தில் ஒரு கை மணலை அள்ளிப் போட்டார்.